ஆபரேஷன் சக்சஸ்... சிறுநீர்ப்பை ஏன் மக்கர் செய்கிறது?

"கட்டியைச் சுத்தமா எடுத்துட்டாங்க டாக்டர். பயாப்ஸி ரிப்போர்ட்டும் நல்லா வந்திருக்கு. ஆனா ஒண்ணுக்குதான் சரியா வரமாட்டேங்குது. ட்யூபை எடுத்தா அடைச்சுக்குது. திரும்பவும் மாட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நீர் நல்லா பிரியற மாதிரி ஒரு கஷாயம் கொடுங்களேன்!"

மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் வீட்டிலிருந்து என்னைப் போன்ற சித்த மருத்துவர்களைத் தேடிவந்து கேட்கிற கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் மனைவியாகவோ மகளாகவோ இருப்பார். நோயாளி, யூரின் பையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். புற்றுநோய் என்று கேட்டபோதுகூட இடிந்து போகாதவர், இந்த ஒரு ட்யூபுக்காக இடிந்து போயிருப்பார்.

அவர்களுக்கு நான் சொல்கிற பதில் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். "இப்போதைக்குக் கஷாயம் வேண்டாம்!" சித்த மருத்துவரே இப்படிச் சொல்லலாமா என்று முகம் வாடும். ஏன் சொல்கிறேன் என்பதைப் புரிந்துகொண்டால், இந்தத் தொல்லையில் பாதி குறைந்த மாதிரி.

குடலில் கத்தி... பைக்கு என்ன வந்தது?

மலக்குடலும் சிறுநீர்ப்பையும் இடுப்புக்கூட்டுக்குள் ஒண்டுக்குடித்தனம் நடத்துபவை. முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். ஆண்களுக்கு நடுவில் பிராஸ்டேட் சுரப்பியும் விந்துப் பைகளும், பெண்களுக்குக் கர்ப்பப்பையும் பிறப்புறுப்புப் பாதையும் இருக்கின்றன. இந்தக் குறுகிய சந்துக்குள்தான் சிறுநீர்ப்பையை ஆட்டிவைக்கிற நரம்புகளும் ஓடுகின்றன.

அந்த நரம்புகள் இரண்டு வகை. ஒரு வகை முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து இறங்கி வந்து, 'பொறு, இன்னும் இடம் இருக்கிறது' என்று பையைத் தளர்த்தி, வாசலை மூடி வைக்கிறது. இன்னொரு வகை முதுகெலும்பின் அடி எலும்பிலிருந்து புறப்பட்டு, 'போதும், சுருங்கு' என்று பைக்கு உத்தரவு போடுகிறது. இரண்டும் மலக்குடலின் இரு பக்கமும் வலைபோலப் பின்னிக்கொண்டு, அதன்பிறகுதான் பையைச் சேர்கின்றன. தலைமுடி போன்ற மெல்லிய இழைகள்.

பெரியவர்களின் சிறுநீர்ப்பை சாதாரணமாக 400 முதல் 500 மில்லி வரை பிடிக்கும். நிறைந்ததும் மூளைக்குத் தகவல் போக வேண்டும், பை சுருங்க வேண்டும், அதே நேரம் வாசல் திறக்க வேண்டும். இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் 'அப்பாடா' என்று நீர் பிரியும். 

கட்டியை எடுக்கும்போது இந்த நரம்பு இழைகள் இழுபடலாம், நசுங்கலாம், சூடுபடலாம், வீக்கத்தில் சிக்கிக்கொள்ளலாம். கட்டியே நரம்பில் ஒட்டியிருந்தால், உயிரைக் காக்க அந்த இழையையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும். ஆக, கோளாறு சிறுநீரகத்திலும் இல்லை, சிறுநீர்ப் பாதையிலும் இல்லை. தகவல் போகிற கம்பியில் இருக்கிறது.

அன்றும் இன்றும்

1908-ம் ஆண்டு லண்டனைச் சேர்ந்த ஏர்னஸ்ட் மைல்ஸ் என்ற அறுவை நிபுணர், வயிற்று வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் சேர்ந்து மலக்குடலை முழுசாக அகற்றும் முறையை வெளியிட்டார். பல உயிர்களைக் காப்பாற்றிய முறை அது. ஆனால் அந்தக் காலத்தில் நரம்புகளைப் பார்த்துப் பார்த்து ஒதுக்கி வைக்கிற வழக்கம் இல்லை.

1982-ல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகர அறுவை நிபுணர் பில் ஹீல்ட் ஒரு முக்கியமான உண்மையை எடுத்துச் சொன்னார். மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. அந்த உறையைக் கிழிக்காமல், அதன் வெளி ஓரமாகவே பிரித்து எடுத்தால் புற்றுநோய் அதே இடத்தில் திரும்ப வருவது குறையும் என்றார். அந்த ஓரத்துக்கு வெளியேதான் நரம்புகள் ஓடுகின்றன என்பதால், அவற்றையும் கண்ணால் பார்த்துக் காப்பாற்ற வழி பிறந்தது. அதே 1980-களில் ஜப்பானிய நிபுணர்களும் நரம்பு காக்கும் அறுவை முறைகளை வளர்த்தார்கள்.

இன்று நல்ல கைகளில் நரம்புகள் பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன. தப்பித்தாலும் 'அதிர்ச்சி' அடைகின்றன. காலை மடக்கி ரொம்ப நேரம் உட்கார்ந்தால் மரத்துப்போய், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வருகிறது அல்லவா? அதுபோலத்தான். என்ன, கால் நிமிஷத்தில் தெளியும். இந்த நரம்புகளுக்கு வாரங்களும் மாதங்களும் ஆகும்.

கஷாயம் ஏன் வேண்டாம்?

மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. திறப்பதற்கு எலெக்ட்ரிக் வால்வு வைத்திருக்கிறீர்கள். அந்த வால்வுக்கு வருகிற ஒயரில் கரண்ட் இல்லை. தண்ணீர் இறங்கவில்லை. அப்போது மோட்டாரைப் போட்டு இன்னும் இன்னும் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினால் என்ன ஆகும்? வழியத்தானே செய்யும்!

நீர்முள்ளி, சிறுபீளை, நெருஞ்சில், வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர்... இவையெல்லாம் நீர்பெருக்கிகள். சிறுநீரகத்தில் அதிக நீரை இறங்கவைப்பவை. உடம்பில் நீர் சுண்டிப்போய் எரிச்சலோடு கொஞ்சமாகப் பிரிகிற 'நீர்ச்சுருக்கு'க்கு இவற்றைக் கொடுப்போம். நரம்பு சோர்ந்து பை சுருங்காமல் கிடப்பது வேறு. நமது மருத்துவத்தில் மலத்தையும் சலத்தையும் கீழ்நோக்கித் தள்ளுகிற வேலை அபான வாயுவுடையது. அந்தத் தள்ளும் சக்தி குறைந்த இடத்தில், தள்ள வேண்டிய சுமையைக் கூட்டினால் நோயாளிக்குக் கஷ்டம்தானே? பை அளவுக்கு மீறி விரிந்தால் அதன் தசையும் நைந்துபோகும். தானாகத் தெளிய வேண்டியது இன்னும் தாமதமாகும்.

'நீரடைப்புக்கு நல்லது' என்று பெயர்பெற்ற வெடியுப்புச் சுண்ணம் போன்ற மருந்துகளை இந்த நேரத்தில் யாரோ சொன்னார்கள் என்று வாங்கிச் சாப்பிடவே கூடாது. வெடியுப்பு பொட்டாசியம் சேர்ந்தது. நீர் தேங்கிச் சிறுநீரகம் சோர்ந்திருப்பவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். கீமோ நடந்துகொண்டிருந்தால், எந்த மூலிகையானாலும் பற்பமானாலும் புற்றுநோய் டாக்டருக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

சொட்டுச் சொட்டாகப் போனால் ஏமாறாதீர்கள்!

"அடைப்பெல்லாம் இல்லீங்க. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டேதான் இருக்கு. துணிகூட நனைஞ்சுடுது" என்பார்கள் சிலர். கேட்பதற்கு நீர் நன்றாகப் பிரிவது போலிருக்கும். உண்மையில் பை கழுத்துவரை நிறைந்து, மேலே வழிவதுதான் அந்தச் சொட்டாக இருக்கலாம். நரம்பு மரத்திருப்பதால் வலிகூடத் தெரியாமல் போகலாம். பல நாள் இப்படித் தேங்கினால் நீர் பின்னோக்கி அழுத்தி சிறுநீரகத்தையே பாதிக்கும். கிருமியும் குடியேறும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நீர் கழித்த உடனே அடிவயிற்றில் ஒரு ஸ்கேன். வலி இல்லை, ஊசி இல்லை. மீதி 50 மில்லிக்குக் கீழே என்றால் கவலையில்லை. 100-க்கு மேல் தொடர்ந்து நின்றால் டாக்டரின் கண்காணிப்பு தேவை. ட்யூபை எடுத்த பிறகு இந்த ஸ்கேனை நீங்களே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையாகவே அடக்க முடியாமல் கசிகிறவர்களும் உண்டு. 'பொறு' என்று சொல்கிற நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் இவர்கள். இருமினால், தும்மினால், எழுந்தால் நனையும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று ஸ்கேனும், தேவைப்பட்டால் பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனையும் சொல்லிவிடும்.

ட்யூபோடு வீட்டுக்கு வந்தால்...

ஆபரேஷனுக்குப் பிறகு பல ஆஸ்பத்திரிகளில் 1 முதல் 3 நாட்களுக்குள் கதீட்டரை எடுத்துப் பார்க்கிறார்கள். கட்டி ரொம்ப ஆழத்தில் இருந்தவர்களுக்குச் சில நாள் கூடுதலாக வைப்பார்கள். எடுத்ததும் நீர் பிரியாவிட்டால் மறுபடி மாட்டி, ஒன்றிரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். ஆபரேஷன் தோற்றுப்போய்விட்டதாக நினைத்துக் கலங்க வேண்டாம். நரம்புக்குக் கொடுக்கிற ஓய்வு இது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

* யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும். தரையில் படக்கூடாது. கட்டிலில் பக்கத்தில் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

* பை முக்கால் பங்கு நிறைவதற்குள் காலி செய்யுங்கள். தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

* ட்யூப் நுழையும் இடத்தைத் தினமும் சோப்பும் தண்ணீரும் விட்டுச் சுத்தம் செய்தால் போதும். மஞ்சள் தடவுவது, விபூதி வைப்பது, பவுடர் போடுவது எதுவும் வேண்டாம்.

* 'பைக்குப் பயிற்சி கொடுக்கிறேன்' என்று ட்யூபை மடித்து ரப்பர் பேண்ட் போடுகிறார்கள் சிலர். டாக்டர் சொல்லாமல் செய்யாதீர்கள். மறந்து தூங்கிவிட்டால் ஆபத்து.

தானே செய்துகொள்ளும் முறை

சில வாரம் ஆகியும் பை முழுசாகக் காலியாகவில்லையா? பயப்படாதீர்கள். 1972-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லாபிடஸ் என்ற சிறுநீரக அறுவை நிபுணர் ஒரு எளிய வழியைப் பிரபலமாக்கினார். ட்யூபை நிரந்தரமாக வைத்திருப்பதற்குப் பதில், தேவைப்படும்போது மெல்லிய ட்யூபை நோயாளி தானே செலுத்தி, நீரை வெளியேற்றிவிட்டு, எடுத்துவிடுவது. ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் வேண்டியதில்லை, நன்றாகக் கை கழுவிய சுத்தம் போதும் என்று அவர் காட்டினார். பை அளவுக்கு மீறி விரியாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம் என்பது அவர் கருத்து. இன்றுவரை உலகம் முழுக்க இந்த முறை இருக்கிறது.

கேட்டதுமே முகம் சுளிப்பார்கள். "ஐயையோ, நானே விட்டுக்கறதா!" என்று அலறிய ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூடத் தலைமையாசிரியரை எனக்குத் தெரியும். நர்ஸ் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் வாரம் என்னிடம் வந்தபோது, "டாக்டர் தம்பி, பேத்தி கல்யாணத்துக்கு மதுரை வரைக்கும் பஸ்ஸில் போய்ட்டு வந்துட்டேன். கால்ல கட்டின அந்தப் பை இல்லாம நிம்மதியா பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டேன்" என்றார். அவர் மனைவி குறுக்கிட்டு, "இப்பல்லாம் கடிகாரத்தைப் பார்த்து இவரே எந்திரிச்சுப் போயிடறாரு. நான் ஞாபகப்படுத்தவே வேண்டாம்" என்றார்.

பொதுவாக ஒரு நாளைக்கு 4 முதல் 6 முறை. ஒவ்வொரு முறையும் 400, 500 மில்லியைத் தாண்டாதபடி நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். வழுவழுப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும், தண்ணீரில் கரையும் ஜெல்லிதான் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் கூடாது. பெண்கள் முதலில் சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பழகலாம். பத்து நாளில் கண்ணாடியே தேவைப்படாது. புத்தகத்தைப் பார்த்தோ பக்கத்து வீட்டாரைக் கேட்டோ தொடங்காதீர்கள். நர்ஸிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும். தானாகப் போகும் அளவு கூடக்கூட, ட்யூப் போடும் தடவையும் குறைந்துகொண்டே வரும்.

ட்யூப் எடுத்த பிறகு பழக வேண்டியவை

உணர்வு வரும்வரை காத்திருக்காதீர்கள். சிறுநீரை அடக்கக் கூடாது என்று சித்தர்கள் 14 வேகங்களில் ஒன்றாகச் சேர்த்து எச்சரித்திருக்கிறார்கள். வேகமே தெரியாத இந்த நாட்களில் கடிகாரம்தான் உங்கள் வேகம். பகலில் 3 மணிக்கு ஒரு முறை போய்விடுங்கள்.

ஆண்களும் உட்கார்ந்தே போவது நல்லது. இடுப்புத் தசைகள் தளரும். போய் முடித்ததும் எழுந்துவிடாமல் ஒன்றிரண்டு நிமிஷம் பொறுத்து, மறுபடி முயற்சி செய்யுங்கள். மீதியும் வந்துவிடும்.

முக்காதீர்கள். வயிற்றைக் கையால் அமுக்காதீர்கள். ஆபரேஷன் செய்த வயிறு அது. குடல் பிதுங்கும். மலப்பை போட்டவர்களுக்கு அந்தத் துளையைச் சுற்றி வீக்கம் வரும். நீரும் சிறுநீரகத்தை நோக்கி ஏறலாம்.

இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு இல்லாதவர்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். அடிக்கடி பேதியாகிறவர்களும், சிறுகுடலை வெளியே எடுத்துப் பை போட்டவர்களும் எவ்வளவு குடிப்பது என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 'கழுவி விடட்டும்' என்று நாலு லிட்டர் குடிக்க வேண்டாம். சாயங்காலத்துக்குப் பிறகு காபி, டீயைக் குறைத்தால் ராத்திரி தூக்கம் கெடாது. மலம் இறுகினால் சிறுநீர்ப்பையையும் அழுத்தும். இறுகவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த நார்ச்சத்து, எவ்வளவு என்பதைக் குடலைத் தைத்த டாக்டரைக் கேட்டே தொடங்குங்கள்.

கசிவு இருப்பவர்களுக்கு, 1948-ல் அமெரிக்க மருத்துவர் அர்னால்டு கெகல் சொன்ன இடுப்புத் தளப் பயிற்சி உதவும். காற்றை அடக்குவதுபோல அந்தத் தசையை உள்ளிழுத்து 5 எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. புண் ஆறி, டாக்டர் 'சரி' சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும். நீர் தேங்குகிறவர்களுக்கு இந்தப் பயிற்சி வேண்டாம்.

ஒரு பழைய டயரியை எடுத்துக்கொள்ளுங்கள். குடித்தது எவ்வளவு, எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மில்லி, கசிந்ததா என்று மூன்று நாள் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். வாயால் அரை மணி நேரம் சொல்வதைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் பேசும்.

மறைந்திருக்கும் எதிரிகள்

ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்குகிற தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள், மூக்கடைப்பு மாத்திரைகள், நரம்பு வலிக்குக் கொடுக்கும் சில இரவு மாத்திரைகள், கடுமையான வலி மாத்திரைகள்... இவை சோர்ந்த பையை இன்னும் சோரவைக்கும். கிராமங்களில் மூச்சுத் திணறலுக்கு ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகை பிடிக்கிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஊமத்தை ஒரு நச்சுமூலிகை. நல்ல பையையே அடைக்கிற சக்தி அதற்கு உண்டு. சாப்பிடும் எல்லா மருந்துகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் டாக்டர் எழுதிய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பல வருஷமாகச் சர்க்கரை நோய் இருந்தாலும், பிராஸ்டேட் வீங்கியிருந்தாலும் தெளிவதற்கு நாளாகும். பிராஸ்டேட் வாசலைத் தளர்த்த நல்ல மாத்திரைகள் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே உங்களுக்கு நீர் பிரிவதில் தொல்லை இருந்தால், அதை முதலிலேயே சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள்.

எத்தனை நாளில் சரியாகும்?

நரம்பு அறுபடாமல் அதிர்ச்சி மட்டும் அடைந்திருந்தால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தொடங்கி 3 முதல் 6 மாதத்துக்குள் நல்ல மாற்றம் தெரியும். சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். அதற்குப் பிறகும் தெளியாவிட்டால், நரம்பை எதிர்பார்த்துக் காத்திருப்பதைவிட, இருப்பதை வைத்துச் சௌகரியமாக வாழும் வழியைத் தேடுவதே புத்திசாலித்தனம். நெதர்லாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஆபரேஷன் முடிந்து 5 ஆண்டுக்குப் பிறகும் 10 பேரில் சுமார் 3 பேர் பையைக் காலி செய்வதில் சிரமம் இருப்பதாகச் சொன்னார்கள். கசிவு இருப்பதாகச் சொன்னவர்கள் அதைவிடக் கொஞ்சம் அதிகம். இவர்களில் சிலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே தொல்லை இருந்தது. ஆக, நீங்கள் மட்டும் தனியாக இல்லை.

இன்னொரு விஷயம். வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை. தாம்பத்திய உறவுக்கான நரம்புகளும் இதே வலையைச் சேர்ந்தவைதான். ஆண்களுக்கு விறைப்புக் குறையலாம், விந்து வெளியே வராமல் பைக்குள் போகலாம். பெண்களுக்கு வறட்சியும் வலியும் வரலாம். இதற்கும் வைத்தியம் இருக்கிறது. லேகிய விளம்பரங்களை நம்பிப் பணத்தைத் தொலைக்காமல், கணவன் மனைவி இருவருமாகப் போய் சர்ஜனிடமே கேளுங்கள். 

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது?

* 6 மணி நேரத்துக்கு மேல் நீர் பிரியாமல் அடிவயிறு கல்லுபோல் இருந்தால்.

* குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால். கீமோ நடக்கும்போது இது ரொம்ப அவசரம்.

* ரத்தம், சீழ் கலந்து வந்தால், இடுப்பின் பக்கவாட்டில் வலித்தால்.

* ட்யூப் இருந்தும் பையில் நீர் இறங்காவிட்டால்.

* நீர் கழிக்கும்போது காற்றோ மலமோ கலந்து வந்தால்.

அப்படியானால் சித்த மருத்துவத்துக்கு இங்கே வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பசி எடுக்க வைப்பது, மெலிந்த உடம்பைத் தேற்றுவது, தூக்கத்தைச் சீராக்குவது எல்லாம் நாம் செய்யலாம். அதுவும் புண் ஆறி, கீமோ முடிந்து, சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்த பிறகு, சர்ஜனுக்குத் தெரிந்தே செய்ய வேண்டும். அதுவரை அடிவயிற்றில் சூடான ஒற்றடம்கூட வேண்டாம். ரேடியேஷன் பட்ட தோலுக்கும், உணர்வு குறைந்த இடத்துக்கும் சூடு எவ்வளவு என்று தெரியாது. கொப்புளித்துவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "இன்னும் சரியாகலையா?" என்று தினமும் கேட்காதீர்கள். அவசரப்படுத்தினால் பை இன்னும் இறுகிக்கொள்ளும். மூன்று மணிக்கு ஒரு தடவை கடிகாரத்தைக் காட்டுங்கள். பாத்ரூம் விளக்கைப் போட்டு வையுங்கள். வாசலில் நின்று கதவைத் தட்டாமல் இருங்கள். அந்த நிம்மதியில்தான் அவருக்கு நீர் பிரியும்.